பேணுதலும் விலையும்: முதியோர்க்கான கருவிகளின் வணிகம் குறித்த பௌத்த நோக்கு

முதுமையில் தளர்ந்தவரைப் பேணுவது ஏறக்குறைய எல்லாச் சமயங்களிலும் அறமாகவும் கடனாகவும் எண்ணப்பட்டதே அன்றி, விலை சொல்லி விற்கும் சரக்காக எண்ணப்பட்டதில்லை. ஆயினும் கடந்த முப்பது ஆண்டுகளில், முதியவரைப் படுக்கையிலிருந்து தூக்கி அமர்த்தும் பொறி, அவர் இரவில் எழுந்து நடந்தால் அடுத்த அறைக்குச் செய்தி அனுப்பும் உணரி, தனித்திருப்பவருக்குத் துணையாக அமையும் ரோபோ எனப் பேணுதலின் கூறுகள் பலவும் தனித்தனிக் கருவிகளாக வடிவம் பெற்று, விலைப்பட்டியலில் இடம்பிடித்துவிட்டன. இக்கருவிகளை ஆய்வுக்கூடத்திலிருந்து சந்தைக்குக் கொண்டுவர முயலும் நிறுவனங்களுக்கு அரசுகளும் ஆய்வு அமைப்புகளும் பணமும் அறிவுரையும் சோதனைக் களமும் தந்து உதவுகின்றன. அவ்வாறு உதவுவது முதியோருக்குச் செய்யும் தொண்டா, அல்லது தொண்டையே வணிகத்திடம் ஒப்படைத்துவிடும் செயலா என்னும் கேள்வி பொருளியலைச் சார்ந்ததாகத் தோன்றினாலும், அதன் வேர் சமயத்திலும் மெய்யியலிலும் இருக்கிறது. கருவியை விற்பதில் தவறில்லை என்பதும், கருவியோடு சேர்த்துக் கடன் தீர்ந்துவிட்டது என்னும் நிம்மதியையும் விற்கும்போதே தவறு நிகழ்கிறது என்பதும் பௌத்த நூல்களின் துணையோடு இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

ஜப்பான் என்னும் களம்

இக்கேள்வியை ஆராய்வதற்கு ஜப்பான் பொருத்தமான களம். அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் 65 வயதை எட்டியவர்கள். பெற்றோர்க்கு மக்கள் ஆற்ற வேண்டிய கடமையைக் கன்பூசிய மரபும் பௌத்தமும் அங்கே நூற்றாண்டுகளாக வகுத்துரைத்து வந்தன. எனினும் நடைமுறையில் அக்கடமையின் சுமை பெரும்பாலும் மூத்த மகனின் மனைவி தோளிலேயே விழுந்தது. 1997இல் சட்டமாகி 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு இந்நிலையை மாற்றியது. 40 வயது நிறைந்த அனைவரும் சந்தா செலுத்த, அந்தச் சந்தாவும் வரிப்பணமும் சேர்ந்த நிதியிலிருந்து பராமரிப்புச் செலவின் பெரும்பகுதி வழங்கப்படுகிறது. பயன்பெறுபவர் தொடக்கத்தில் செலவில் 10 விழுக்காட்டை ஏற்றார், பின்னர் வருமானம் மிகுந்தோர்க்கு அப்பங்கு 20 விழுக்காடாகவும் 30 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. வீட்டுக்குள் ஒரு பெண்ணின் ஊதியமற்ற உழைப்பாக மறைந்திருந்தது, இவ்வாறு குடிமக்களின் உரிமையாகவும், ஊதியம் பெறும் தொழிலாகவும், அதன் வழியே ஒரு சந்தையாகவும் வெளிப்பட்டது. ஆதலால் பேணுதலுக்குள் பணம் நுழைந்ததை முழு இழப்பாகக் கருதுவது, அதற்கு முன் அச்சுமையைச் சுமந்தவர்களை மறந்துவிடுவதாகும்.

கருவிகளின் கதையும் இதனோடு இணைந்தே நடந்தது. நலவாழ்வுத் துணைக்கருவிகளின் ஆய்வையும் பரவலையும் ஊக்குவிக்கும் சட்டம் 1993இல் இயற்றப்பட்டது. 2012இல் பொருளாதார, வணிக, தொழில் அமைச்சகமும் சுகாதார, தொழிலாளர், நலத்துறை அமைச்சகமும் சேர்ந்து, முதியவரை இடம் மாற்றுதல், நடமாட உதவுதல், கழிப்பறைத் தேவை, கண்காணிப்பு ஆகியவற்றை ரோபோ நுட்பத்துக்குரிய முன்னுரிமைத் துறைகளாக அறிவித்தன. நீராட்டுதல் பின்னர் சேர்ந்தது. வணிகமாக்குதல் என்பது கண்டுபிடித்ததை விற்பனைக்கு வைப்பது மட்டுமன்று. ஆய்வுக்கூடத்தில் இயங்கிய மாதிரி, ஈரத் தரையும் குறுகிய கதவும் உள்ள உண்மையான பராமரிப்பு இல்லத்தில் இயங்குகிறதா என்று சோதிப்பது, விபத்து நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார் என்று வரையறுப்பது, பழுதுபார்க்கும் ஏற்பாட்டை அமைப்பது, காப்பீட்டின் பட்டியலில் இடம்பெறச் செய்வது ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். இப்பணிகளில் துணைநிற்கும் இடைநிலை அமைப்புகள் கருவியின் வடிவத்தையும் அதைப் பற்றிய வாக்குறுதியையும் தீர்மானிப்பதில் பெரும்பங்கு கொள்கின்றன என்பதால், அறம் பற்றிய கேள்வி கண்டுபிடிப்பாளரைக் காட்டிலும் இவ்வமைப்புகளையே நெருங்கிச் சேர்கிறது.

ஊதியமும் உள்நோக்கமும்

பேணுதலுக்குப் பொருள் பெறலாமா என்பதற்குப் பாலி வினய பிடகத்தின் மகாவக்கம் என்னும் பகுதியில் ஆழ்ந்த விடை ஒன்று உண்டு. வினய பிடகம் பௌத்த துறவியர்க்குரிய ஒழுக்க விதிகளின் தொகுப்பு. அதில், வயிற்று நோயால் தன் கழிவிலேயே கிடந்த துறவி ஒருவரைப் புத்தர் காண்கிறார். அவரைப் பிற துறவியர் பேணாமைக்குக் காரணம், அவர் அவர்களுக்கு எவ்வுதவியும் செய்பவர் அல்லர் என்பதே. சீடர் ஆனந்தர் நீர் கொண்டுவர, புத்தர் ஊற்ற, இருவருமாக நோயாளியைத் தூய்மை செய்து, தலைப்பக்கம் ஒருவரும் கால்பக்கம் ஒருவருமாகத் தூக்கிப் படுக்கையில் கிடத்துகின்றனர். அதன்பின், தாயும் தந்தையும் உடனில்லாத துறவியர் ஒருவரையொருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவார் என்று கேட்கும் புத்தர், தம்மைப் பேண விரும்புபவர் நோயுற்றவரைப் பேணட்டும் என்கிறார். இங்கே கண்டிக்கப்படுவது கைம்மாறு பார்க்கும் மனம். பயன் தருபவரையே பேணுவது என்ற கணக்கு, பேணுதலின் தேவை எவரிடம் மிகுதியோ அவரையே முதலில் கைவிடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அதே பகுதி, நோயாளியைப் பேணத் தகுந்தவரின் இயல்புகளாக ஐந்தைக் கூறுகிறது. மருந்தை ஆயத்தம் செய்யும் திறன், ஒத்ததையும் ஒவ்வாததையும் அறியும் அறிவு, கழிவையும் வாந்தியையும் அகற்ற அருவருக்காமை, தக்க நேரத்தில் நல்லுரையால் உள்ளத்தைத் தேற்றும் ஆற்றல் ஆகிய நான்கோடு, பொருள் நோக்கமின்றி அன்பு நோக்கத்தோடு பேணுதல் என்பதும் அவற்றுள் ஒன்று. இதை மட்டும் தனியே படித்தால் ஊதியம் பெறும் செவிலியும் கருவி விற்கும் நிறுவனமும் ஒருசேர விலக்கப்பட்டதாகத் தோன்றும். ஆனால் அடுத்து வரும் விதியில், இறந்துபோன துறவியின் ஆடையும் பிச்சைப் பாத்திரமும் அவரைப் பேணியவர்களுக்கு வழங்கப்பட வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்படுகிறது. உழைத்தவருக்குப் பொருள் சேர்வதை நூல் மறுக்கவில்லை. அப்பொருள் பேணுதலை இயக்கும் விசையாக இருப்பதையே அது மறுக்கிறது. பேணியதன் பின்னே வரும் பொருளுக்கும், பேணுவதா வேண்டாமா என்பதை முன்னே நின்று முடிவு செய்யும் பொருளுக்கும் உள்ள வேறுபாடே அதன் சாரம்.

மேலை மெய்யியலில் இம்மானுவேல் காண்ட் 1785இல் வகுத்த பாகுபாடு இதனோடு ஒப்பிடத் தக்கது. ஈடாக வேறொன்றை வைக்க முடிந்ததற்கு விலை உண்டு என்றும், ஈடற்றதற்கு மாண்பு உண்டு என்றும் அவர் பிரித்தார். தூக்கும் பொறிக்கு மற்றொரு பொறி ஈடாகும். ஆகவே அதற்கு விலை உண்டு. பொறியின் மேல் அமர்ந்திருக்கும் முதியவருக்கு ஈடு இல்லை. எந்தப் பொருளும் விலையுலகில் பிறந்து, மாண்புடைய ஒருவரின் உடலைத் தொடும்போது, அது தன் விலையை மட்டும் நியாயப்படுத்தினால் போதாது. தான் தொடும் ஒருவரை விலையுலகுக்குள் இழுத்துவிடவில்லை என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும்.

துணையாக விற்கப்படும் ரோபோவும் உபாயமும்

இடம் மாற்றும் பொறியைப் பொறுத்தவரை இச்சோதனை எளிது. முதியவரைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பு நொந்த பராமரிப்பாளரின் வலி உண்மையானது; அதைக் குறைப்பது இருவருக்கும் நன்மை. கழிப்பறையிலும் நீராடும்போதும் மற்றொரு மனிதரின் உதவியைப் பெற நாணுபவர், உணர்வற்ற பொறியிடம் அந்த நாணம் எழாமல் ஆறுதல் அடைவதும் கூடும். கடினமான கேள்வி துணையாக விற்கப்படும் கருவியிடத்தில்தான் எழுகிறது. ஜப்பானின் தேசிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் தகனோரி ஷிபாதா 1993 முதல் உருவாக்கி, 2005இல் விற்பனைக்கு வந்த பாரோ என்னும் ரோபோ, கடல்நாயின் குட்டியை ஒத்தது. மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும், தடவினால் அறியும் தோலும், குரலுக்குத் திரும்பும் தலையும் கொண்டது. நாயோ பூனையோ ஆயின் மக்கள் தாம் அறிந்த உயிருடன் ஒப்பிட்டுக் குறை காண்பர் என்பதால், அன்றாடம் பழகாத விலங்கின் உருவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. டிமென்ஷியா எனப்படும் முதுமறதி நோய் உள்ளவர்களிடையே பெரிதும் பயன்படும் இதை, 2009இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருத்துவக் கருவியாக வகைப்படுத்தியது.

ஆஸ்திரேலிய மெய்யியலாளர் ராபர்ட் ஸ்பாரோ 2002இல் இத்தகைய செல்லப்பிராணி ரோபோக்களை எதிர்த்து முன்வைத்த வாதம் இன்றும் வலிமை குன்றவில்லை. ரோபோ தன்னை நேசிப்பதாக ஒருவர் நம்புவதிலிருந்து வரும் மகிழ்ச்சி, உலகைத் தவறாகக் காண்பதிலிருந்து வரும் மகிழ்ச்சி என்றும், அத்தகைய மயக்கத்தை ஊக்குவிப்பது அறமன்று என்றும் அவர் வாதிட்டார். உள்ளதை உள்ளவாறு காண்பதையே விடுதலைக்கு வழியாகக் கொள்ளும் பௌத்தம் இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும் கிழக்காசியப் பௌத்தம் போற்றும் சத்தர்ம புண்டரீக சூத்திரம், அதாவது தாமரைச் சூத்திரம், உபாயம் என்னும் கருத்தால் வேறொரு வழியைத் திறக்கிறது. உபாயம் என்பது கேட்பவரின் நிலைக்கு ஏற்பக் கருணையோடு கையாளப்படும் வழிமுறை. அந்நூலின் உவமைக் கதை ஒன்றில், தீப்பற்றிய வீட்டில் ஆபத்து அறியாது விளையாடும் குழந்தைகளை, ஆட்டு வண்டியும் மான் வண்டியும் மாட்டு வண்டியும் வெளியே காத்திருப்பதாகச் சொல்லித் தந்தை வெளியேற்றுகிறார். வந்தவர்களுக்கு அவர் தருவது சொன்னவற்றினும் சிறந்த வண்டி. தந்தை பொய் சொன்னவரா என்று புத்தர் கேட்க, அல்லர் என்று சீடர் சாரிபுத்திரர் விடை தருகிறார். அவ்வீட்டை எரிக்கும் தீயாக நூல் குறிப்பிடுவனவற்றுள் முதுமையும் ஒன்று என்பது இங்கு நினைக்கத் தக்கது.

இக்கதையை எல்லா ஏமாற்றுக்கும் அனுமதிச் சீட்டாகப் படிப்பது பிழை. தந்தையின் சொல் உபாயமாவதற்கு இரண்டு நிபந்தனைகள் அதில் அடங்கியுள்ளன. முதலாவது, சொன்னவர் வாசலில் நிற்கிறார்; குழந்தைகளைச் சொல்லால் சமாதானப்படுத்திவிட்டு விலகிச் செல்லவில்லை. இரண்டாவது, கொடுத்தது வாக்களித்ததைவிடப் பெரிது. ஒரு பராமரிப்பாளர் பாரோவை முதியவரின் மடியில் வைத்து அருகில் அமர்ந்து, அதைத் தடவும் கைகளின் வழியே அவருடைய பழைய நினைவுகளைப் பேச்சுக்குக் கொண்டுவரும்போது, ரோபோ வாக்களித்தது துணைபோன்ற ஒன்று, கிடைத்தது உண்மையான துணை, அது உபாயம். அதே ரோபோவை மடியில் வைத்துவிட்டுப் பணியாளர் வேறிடம் போய்விட்டால், வாக்களித்தது துணை, கிடைத்தது துணையின் சாயல், அது ஏமாற்று. பொருள் ஒன்றே, விலையும் ஒன்றே. அறத்தின் வேறுபாடு முழுவதும் அதைச் சுற்றியுள்ள மனிதரின் இருப்பில் உள்ளது. விற்பனையாளரின் விளம்பரம் இவ்விரண்டில் எதைக் காட்டுகிறது என்பதே அந்நிறுவனத்தின் நேர்மைக்கு அளவுகோல்.

வாங்குபவரும் வாழ்பவரும்

முதியோர்க்கான கருவிச் சந்தையில் பொதுச் சந்தைக்கு இல்லாத குறை ஒன்று உண்டு. அரிசி வாங்குபவரே அதை உண்டு அதன் தரத்தை அறிவார். ஆனால் கண்காணிப்பு உணரியை வாங்குபவர் பெரும்பாலும் மகனோ மகளோ பராமரிப்பு இல்லமோ. பணத்தில் பெரும்பங்கைத் தருவது காப்பீடு. அதனோடு இரவும் பகலும் வாழ்பவர் மட்டும் முதியவர். சந்தை கேட்பது பணம் தருபவரின் குரலை என்பதால், மகளின் கவலையைத் தணிக்கும் கருவி தாயின் தனிமறைவைப் பறித்தாலும் விற்பனையில் வெற்றி பெறும். ஜப்பானியக் காப்பீட்டில் டிமென்ஷியா உள்ளோர் வெளியேறுவதை உணர்த்தும் கருவி, மின்கட்டில், சக்கர நாற்காலி ஆகியவை வாடகைக்குத் தரப்படுகின்றன. ஆனால் கழிப்பு இருக்கை, நீராட்டு இருக்கை போன்றவை வாடகையின்றி விற்பனைக்கு உரியனவாக, ஆண்டுக்கு 1,00,000 யென் வரம்புக்குள் வைக்கப்பட்டன. பிறர் பயன்படுத்தியதை அந்தரங்க உறுப்புகள் தொட நேரும் கூச்சத்தைச் சட்டமே மதித்தது என்பதற்கு இது சான்று. சிக்கனம் மட்டுமே நோக்கமாயின் அனைத்தையும் வாடகைக்கு விட்டிருக்கலாம். பயன்படுத்துபவரின் உள்ளம் விதியை வடிவமைக்க முடியும் என்றால், கருவியையும் அது வடிவமைக்க முடியும்.

அமெரிக்க அரசியல் மெய்யியலாளர் ஜோன் ட்ரோன்டோ 1993இல் பேணுதலை நான்கு படிகளாகப் பகுத்தார்: தேவையைக் கவனித்தல், பொறுப்பேற்றல், திறமையோடு செய்தல், பேணப்பட்டவரின் மறுமொழியைப் பெறுதல். கருவித் தொழில் முதல் மூன்றில் விரைந்து முன்னேறியுள்ளது. நான்காவதைப் பெரும்பாலும் விற்பனை எண்ணிக்கையால் ஈடுசெய்துகொள்கிறது. முன்னர்ச் சொன்ன வினயப் பகுதி இங்கும் துணைக்கு வருகிறது. அது பேணுபவரின் இயல்புகளோடு நில்லாமல், பேணப்படுபவரின் இயல்புகளையும் ஐந்தாக எண்ணுகிறது. தன் நோயின் நிலையைப் பேணுபவருக்கு உள்ளவாறு எடுத்துரைத்தல் அவற்றுள் ஒன்று. நோயாளி அங்கே செயலற்ற பொருளாக இல்லை; பேணுதல் என்னும் உறவில் சரிபாதிப் பொறுப்புடையவராக இருக்கிறார். ஆகவே முதியவரிடம் கேளாமல், அவருடைய பிள்ளைகளிடமும் மேலாளரிடமும் மட்டும் கேட்டுச் சந்தைக்கு வரும் கருவி, எவ்வளவு நுட்பமானதாயினும் பாதியே வடிவமைக்கப்பட்ட கருவி.

பணியாளர்களின் குரலும் இவ்வாறே புறக்கணிக்கப்படுகிறது. மானிடவியலாளர் ஜேம்ஸ் ரைட், ஜப்பானியப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் தூக்கும் பொறி, பாரோ, பெப்பர் என்னும் பேசும் ரோபோ ஆகியவை அறிமுகமானதை நேரில் ஆராய்ந்து 2023இல் நூலாக வெளியிட்டார். கருவிகளை நகர்த்தவும், துடைக்கவும், மேற்பார்வையிடவும் பணியாளர்க்கு வேலை கூடியதே அன்றி எதிர்பார்த்தவாறு குறையவில்லை என்பது அவருடைய கண்டறிதல். முதியவரை விட்டு விலகிக் கருவியைப் பேணுவதில் மனித நேரம் செலவானால், கருவி எதற்காக வந்ததோ அதையே அது உண்டுவிடுகிறது.

விற்றபின் எஞ்சும் கடன்

விற்பனை முடிந்ததும் உறவு முடிகிறதா என்பது இறுதிக் கேள்வி. சோனி நிறுவனம் 1999இல் வெளியிட்ட அய்போ என்னும் ரோபோ நாயின் வரலாறு இதற்குப் பாடம். அதன் உற்பத்தி 2006இல் நின்றது. பழுதுநீக்கும் சேவை 2014இல் முடிவுற்றது. முன்னாள் பொறியாளர்கள் நடத்திய சிறு நிறுவனம் ஒன்று, பழைய அய்போக்களிலிருந்து உறுப்புகளை எடுத்து மற்றவற்றைச் சீர்செய்தது. உறுப்புகளை எடுப்பதற்கு முன், சிபா மாநிலத்தின் இசுமி நகரிலுள்ள கோஃபுகுஜி என்னும் பௌத்தக் கோயிலில் அவற்றுக்கு 2015 முதல் நீத்தார் சடங்கு செய்யப்பட்டது. உழைத்துத் தேய்ந்த ஊசிகளுக்கும் பொம்மைகளுக்கும் நன்றிச் சடங்கு செய்யும் பழக்கம் ஜப்பானில் முன்பே இருந்தது; அச்சடங்கு ரோபோக்களுக்கும் விரிந்தது. பொருளைக் கருணையோடு வழியனுப்பும் அம்மரபு போற்றுதற்குரியது. ஆனால் உரிமையாளர்கள் கோயிலை நாடியது, தாம் வாங்கியது ஒரு பொருள் மட்டுமன்று, ஓர் உறவு என்று அவர்கள் உணர்ந்ததைக் காட்டுகிறது. துணையை விற்கும் நிறுவனம், அத்துணை திடீரென்று நின்றுபோகும் நாளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். உதிரிபாகமும் சேவையும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை விற்கும் நாளிலேயே சொல்லவும், நிறுவனமே மூடப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு ஏற்பாடு செய்யவும் வேண்டும். பிரிவைத் தாங்கும் வலிமை குன்றிய வயதினருக்கு விற்கும்போது இது வணிக நாகரிகம் மட்டுமன்று, அகிம்சையின் ஒரு கூறு.

எல்லாப் பொருளிலும் புத்த இயல்பு உண்டெனின், கருவி தரும் பேணுதலும் மனிதர் தரும் பேணுதலும் ஒன்றே அல்லவா என்று சிலர் கேட்கலாம். ரோபோவியல் அறிஞர் மசாஹிரோ மோரி ரோபோவிலும் புத்த இயல்பு உண்டென்று எழுதியவர். அக்கருத்தை ஏற்றாலும் முடிவு மாறாது. கருவியின் இயல்பு எத்துணை உயர்ந்ததாயினும், அது தன் கடனையே ஆற்ற முடியும். மகனின் கடனையோ சமூகத்தின் கடனையோ அவர்களுக்குப் பதிலாக ஆற்ற முடியாது.

தமிழில் எழுந்த பௌத்தக் காப்பியமான மணிமேகலை இவ்வுண்மையை ஒரு கருவியின் வழியாகவே உணர்த்துகிறது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி, மணிமேகலையின் கையை அடைந்த உடனே பசி தீர்க்கத் தொடங்கவில்லை. ஆதிரை என்னும் பெண் முதற்பிச்சை இட்ட பிறகே தன் பணியைத் தொடங்கியது. அதே பாத்திரத்தை முன்பு பெற்றிருந்த ஆபுத்திரன், கொடுப்பதற்கு எவரும் எதிர்ப்படாத நிலையில், அதை வைத்துக்கொள்வதில் பொருளில்லை என்று கோமுகிப் பொய்கையில் விட்டுவிடுகிறான். கருவியின் ஆற்றல் அளவற்றதாயினும், அன்புள்ள ஒரு கை அதில் முதலில் இட வேண்டும் என்பதும், பெறுபவர் எதிரே இல்லாத கொடையில் நிறைவில்லை என்பதும் அக்கதைகளின் உட்பொருள்.

ஆகவே முதியோர்க்கான கருவிகளைச் சந்தைக்குக் கொண்டுவர நிறுவனங்களுக்கு உதவுவோர், விலையையும் பாதுகாப்பையும் ஆராய்வதோடு மூன்று கேள்விகளைத் தம் சோதனையின் பகுதியாக்க வேண்டும். இக்கருவி வந்தபின் மனிதர் முதியவரை நெருங்குகிறாரா, விலகுகிறாரா? அதனோடு வாழப்போகும் முதியவர் மறுக்கவும் மாற்றச் சொல்லவும் வாய்ப்புப் பெற்றாரா? விற்பனைக்குப் பின்னும் நிறுவனத்தின் பொறுப்பு நிற்கிறதா? இவற்றுக்கு நேர்மையான விடை தரும் கருவியின் வணிகம், பேணியவருக்கு ஆடையையும் பாத்திரத்தையும் அளித்த வினய விதியைப் போல, அறத்தின் பின்னே வரும் பொருளாக அமையும். அதில் ஈட்டும் ஊதியத்துக்கு எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. விடை தராத கருவி, எவ்வளவு விற்றாலும், தளர்ந்தவரைத் தனிமையில் விட்டுச் செல்வதற்கு ஒரு நாகரிகமான வழியையே விற்றிருக்கும். அதற்குப் பொதுப்பணத்திலிருந்து ஒரு காசும் சேராமல் தடுப்பது, நல்ல கருவிகளுக்குத் துணைநிற்பதைப் போன்றே முதியோர்க்கு ஆற்றும் தொண்டாகும்.